பிரமிடும் ரொட்டிக் கணக்கும்

எகிப்து தேசத்தின் மிகப் பெரிய பிரமிடைக் கட்டுவித்த மன்னனுக்கு, முழு உருவமாக இன்று கிடைத்திருக்கும் சிலை ஒன்றே ஒன்றுதான். அது எவ்வளவு உயரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று அங்குலம். அடி அல்ல, அங்குலம்! தந்தத்தில் செதுக்கிய அந்தச் சின்னஞ்சிறு உருவத்தை 1903-ஆம் ஆண்டில் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயப் புதைபொருள் ஆராய்ச்சியாளர் அபிடோஸ் என்னும் இடத்தில் கண்டெடுத்தார். முதலில் கிடைத்தது தலையில்லாத முண்டந்தான். ஆசனத்தில் பொறித்திருந்த பெயரைப் படித்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோண்டிக் கொட்டிய மண்ணையெல்லாம் மூன்று வாரம் சல்லடை போட்டுச் சலிக்கச் சொல்லித் தலையையும் தேடி எடுத்துவிட்டார். அந்தச் சிலையே பிற்காலத்தில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அது உண்மையானால், பாவம், கூபு மன்னனுக்கு அந்த மூன்று அங்குலமும் சொந்தமில்லை!

அவன் கட்டிய மலையோ, ஆதியில் 481 அடி உயரம். அடிவாரத்தில் ஒரு பக்கத்தின் நீளம் 756 அடி. பதின்மூன்று ஏக்கர் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சுமார் 23 லட்சம் கற்கள். ஒவ்வொரு கல்லும் சராசரி இரண்டரை டன். இருபது வருஷத்தில் கட்டி முடித்தார்கள் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் தினம் பத்து மணி நேரம் வேலை நடந்ததென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் சுமார் 4,600 வருஷங்களுக்கு முன்னால். இரும்புக் கருவி கிடையாது, கப்பி கிடையாது. செம்பு உளி, கயிறு, மரச் சறுக்கு, மனிதத் தோள், இவ்வளவுதான்.

இந்த எண்களைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள். ஆகையால் நான் அதிலேயே நின்றுகொண்டிருக்கப் போவதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு 23 லட்சம் கற்களைவிட அவற்றுள் ஒரு கல்லை இழுத்த ஒரு மனிதன்தான் முக்கியம். அவன் யார்? ஏன் இழுத்தான்? இழுத்துவிட்டு இராத்திரி என்ன சாப்பிட்டான்?

வெகுகாலமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்து வந்தது. அவன் அடிமை, சவுக்கடிக்குப் பயந்து இழுத்தான். இந்தப் பதிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் கிரேக்க தேசத்து ஹெரோடோட்டஸ். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் அவர் எகிப்துக்கு யாத்திரை போனார். ஒரு லட்சம் பேர் மூன்று மூன்று மாதமாக முறை வைத்து உழைத்தார்கள் என்றும், கூபு கோயில்களை அடைத்துவிட்டுக் குடிகளையெல்லாம் தன் வேலைக்கு இழுத்தான் என்றும், பணம் போதாமல் பெற்ற மகளையே தகாத வழியில் சம்பாதிக்க அனுப்பினான் என்றும் எழுதி வைத்தார். ஆனால் கூபுவுக்கும் இவருக்கும் நடுவில் 2,100 வருஷம் ஓடிவிட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. பிரமிடின் மேல் எழுதியிருந்த ஒரு கல்வெட்டை வழிகாட்டி ஒருவன் அவருக்குப் படித்துக் காட்டினானாம்: வேலையாட்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிய செலவு மட்டும் 1,600 தாலந்து வெள்ளி! கூபுவின் காலத்தில் நாணயமே கிடையாது. யாத்திரை போன இடத்தில் வழிகாட்டியிடம் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஹெரோடோட்டஸின் மேல் அனுதாபந்தான் உண்டாகும்.

பின்னால் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1955-ல் வெளிவந்த 'லேண்ட் ஆஃப் தி பாரோஸ்' என்ற ஹாலிவுட் படம் கூபுவின் கதைதான். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் வில்லியம் பாக்னரே அதற்குக் கதைவசனம் எழுதியவர்களில் ஒருவர். சவுக்கு இல்லாமல் பிரமிடு கட்டுவதாகக் காட்டினால் எந்தக் கொட்டகையில் டிக்கெட் விற்கும்? எங்கள் தொழிலில் சவுக்குக்கு எப்போதும் கிராக்கி அதிகம்.

நிற்க. இப்போது உங்களைப் பிரமிடுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். செங்கடலின் வடகோடியில் சூயஸ் வளைகுடா இருக்கிறதல்லவா? அதன் மேற்குக் கரையில் வாடி அல்-ஜார்ப் என்ற ஆளரவமற்ற இடம். கீஸாவிலிருந்து பாலைவனத்தைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். சினாய்ப் பக்கத்துச் செம்பைக் கொண்டுவருவதற்காகக் கூபுவின் காலத்தில் அங்கே ஒரு துறைமுகம் இருந்தது. வேலையில்லாத பருவத்தில் படகுகளைக் கழற்றிப் பலகை பலகையாக வைப்பதற்குப் பாறையில் சுமார் முப்பது குகைகள் குடைந்திருந்தார்கள். பிறகு துறைமுகத்தைக் கைவிட்டார்கள். போகும்போது குகை வாசல்களைப் பெரிய பெரிய கற்களை வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். 2013-ஆம் ஆண்டில் பியேர் தாலே என்ற பிரெஞ்சு அறிஞரின் குழுவினர் அந்தக் கற்களின் இடுக்கில் பாப்பிரஸ் சுருள்களின் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவ்வளவு பழமையானது உலகத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அதில் என்ன எழுதியிருந்தது? மந்திரமா? புதையலுக்கு வழியா? இல்லை. மெரெர் என்ற ஒரு மேஸ்திரியின் வேலைக் குறிப்பு!

மெரெரின் கீழ் சுமார் 40 ஆட்கள். நைல் நதியின் கிழக்குக் கரையில் தூரா என்ற இடத்தில் வெண்ணிறமான உயர்ந்த சுண்ணாம்புக் கல் கிடைக்கும். பிரமிடின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று மூடியது அந்தக் கல்தான். அதைப் படகில் ஏற்றி, வெள்ளப் பருவத்து நைலிலும் கால்வாய்களிலும் மிதக்கவிட்டு, கீஸாவில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர்கள் உத்தியோகம். தேதிவாரியாக எழுதியிருக்கிறது. இன்றைக்குத் தூராவில் கல் ஏற்றினோம். இரவு அங்கேயே தங்கினோம். இன்றைக்குப் படகு புறப்பட்டது. வழியில் கூபுவின் ஏரி என்ற இடத்தில் இரவு கழிந்தது. இன்றைக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுபடியும் தூரா. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. மேற்பார்வை செய்தவன் கூபுவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் அங்காப் என்று அவன் பெயரும் வருகிறது. ஒருவன் ஹெலியோபோலிஸ் நகரத்துக்குப் படகில் போய் ஆகாரம் எடுத்துவந்த செய்தியும் வருகிறது.

பிரமிடைப் பற்றி மெரெர் ஒரு வார்த்தை வியந்து எழுதவில்லை. அதற்கு 'கூபுவின் அடிவானம்' என்று பெயர். என்ன அழகான பெயர்! மெரெருக்கு அது கல்லை இறக்க வேண்டிய இடத்தின் விலாசம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நானாயிருந்தால் நாலு பக்கம் வர்ணித்திருப்பேன். வேலை செய்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

அந்தக் கட்டில் இன்னொரு வகைக் காகிதங்களும் இருந்தன. அவைதான் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவை. மெரெரின் ஆட்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் வந்த சாமான்களின் கணக்கு. தானியம், ரொட்டி, பீர் என்று இனவாரியாகக் கட்டம் போட்டு, கறுப்பு மையிலும் சிவப்பு மையிலும் எழுதியிருக்கிறார்கள். வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு! நாலாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய பாக்கி. அது பைசலாயிற்றா என்பதைச் சொல்ல இனி ஒருவராலும் ஆகாது.

தேதி போட்டிருக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். கூபுவின் ஆட்சியில் 'பதின்மூன்றாவது மாட்டுக் கணக்குக்கு அடுத்த வருஷம்' என்று எழுதுகிறார்கள். நாட்டிலுள்ள மாடுகளை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணுவது அரசாங்க வழக்கம். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வருஷத்துக்கே பெயர். போரில் வென்ற வருஷம், பஞ்சம் வந்த வருஷம் என்று பெயரிடும் சமூகத்தை நாம் அறிவோம். மாட்டை எண்ணிய வருஷம் என்று சொல்லும் சமூகத்தின் முதுகெலும்பு சேனாதிபதி அல்ல; கணக்குப்பிள்ளை. நைல் பெருகி வடிந்ததும் நிலத்தை அளப்பது, விளைச்சலை மதிப்பது, களஞ்சியத்தில் சேர்ப்பது, அங்கிருந்து மறுபடியும் படியளப்பது என்று நாடு முழுவதும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. பிரமிடு கட்டுவதற்கு முதலில் வேண்டியிருந்தது கல் அல்ல, ரொட்டி. ஹெரோடோட்டஸுக்கு வெங்காயக் கதை சொன்ன வழிகாட்டி அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டான்.

அந்த ரொட்டியைச் சுட்ட அடுப்பையே தோண்டி எடுத்துவிட்டார்கள். கீஸாவில் பெரிய ஸ்பிங்ஸ் உருவத்துக்குத் தெற்கே 'காக்கைச் சுவர்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பழங்காலக் கல் சுவர் ஒன்று நிற்கிறது. அதற்கு அப்பால் மணலுக்கு அடியில் வேலையாட்களின் ஊர் இருந்தது. அமெரிக்கரான மார்க் லேனர் 1988 முதல் அங்கே ஆராய்ச்சி நடத்தினார். 1991-ல் ரொட்டிக் கூடங்கள் அகப்பட்டன. மணி வடிவத்தில் பெரிய மண் அச்சுகள். அவற்றில் மாவை ஊற்றித் தணலில் சுட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாக நீண்ட தங்குமிடங்கள். மீன் முள், ஆட்டு எலும்பு, இரண்டு வயது நிரம்பாத காளைக்கன்றுகளின் எலும்பு எல்லாம் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒரு லட்சம் பேர் என்ற பழைய கதை போய், இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர் வரை இருந்திருக்கலாம் என்பது இன்று பலர் ஒப்பும் மதிப்பு. அவர்களில் ஒரு பகுதியினர் நிரந்தரமான கைத்தொழிலாளர். மற்றவர்கள் ஊர் ஊராக முறை வைத்து வந்து போன குடியானவர்கள்.

இவர்களுடைய கல்லறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. 1990-ல் அந்தப் பக்கம் சவாரி போன ஒரு குதிரையின் கால் மண் சுவர் ஒன்றில் இடறியது. அதிலிருந்து வெளிப்பட்டது மயானம். எகிப்திய அறிஞர் ஸாஹி ஹவாஸ் அதைத் தோண்டினார். பிரமிடைச் சுமந்தவர்களின் எலும்புகள்! முதுகுத் தண்டின் அடிப்பக்கம் தேய்ந்து போயிருந்தது. பெண்களுக்கும் அப்படியே. முறிந்த கை எலும்பை யாரோ நேராக்கிக் கட்டி, அது சரியாகக் கூடியிருந்தது. கை அல்லது காலை எடுத்துவிட்ட பிறகும் பல வருஷம் உயிர் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். அடிமையின் முறிந்த கையை யார் கட்டுவார்கள்? அரசனுடைய சமாதியின் நிழலில் அவனுக்குத் தனிக் கல்லறை யார் கட்ட விடுவார்கள்?

வேலையாட்கள் குழுக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, பிரமிடின் கற்களிலேயே அதைச் செங்காவியால் எழுதியும் வைத்தார்கள். பெரிய பிரமிடுக்குள் மனிதர் கண்ணில் படாத உள்ளறைகளில் 'கூபுவின் நண்பர்கள்' என்று இருந்தது 1837-ல் தெரியவந்தது. கூபுவின் பேரன் மென்கௌரே கட்டியதில் ஒரு குழுவின் பெயர் 'மென்கௌரேயின் குடியர்கள்'. அரசன் பெயரைச் சேர்த்துக்கொண்டு இப்படிக் கேலி செய்வதற்கு, சவுக்கடிக்கு நடுங்குகிறவனுக்குத் துணிச்சல் வருமா?

இத்துடன் நிறுத்திவிட்டால் கதை இன்பமாக முடிந்துவிடும். இந்நாளில் அப்படித்தான் பலர் முடிக்கிறார்கள். அடிமைகள் இல்லை; எல்லாரும் பக்தியோடும் உற்சாகத்தோடும் தேசத் திருப்பணிக்கு ஓடி வந்தார்கள், இறைச்சி சாப்பிட்டார்கள், பாட்டுப் பாடினார்கள்! எனக்கு இது அவ்வளவாகச் சமாதானமாகவில்லை. சவுக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புன்சிரிப்பை வைத்தால் அதுவும் சினிமாதான்.

பக்தி இருந்தது, அதை மறுக்க வேண்டாம். எகிப்தியன் மரணத்தை நேசித்தவன் என்று சொல்வது சுத்தத் தவறு. வாழ்க்கையில் அவனுக்கு ஆசை அதிகம். அதனால்தான் அதைச் செத்த பிறகும் விட மனமில்லை. கல்லறைக்கு 'நித்திய வீடு' என்று பெயர். வீடு என்றால் வாசல் வேண்டும். ஆவி வந்து போகக் கல்லிலே ஒரு பொய்க் கதவு செதுக்கினார்கள். பிரயாணம் போகப் படகு வேண்டும். கூபுவின் பிரமிடுக்கு அருகே குழியில் 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கிய தேவதாருப் படகு ஒன்று 1954-ல் கிடைத்தது. பூட்டிச் சேர்த்தால் 142 அடி நீளம்! எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சாப்பாடு வேண்டும். 'கா' என்னும் உயிர்ச்சக்திக்குத் தினந்தோறும் ரொட்டியும் பீரும் படைக்க வேண்டும். அரசன் நன்றாகச் செத்து, நன்றாக வானத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நைல் ஒழுங்காகப் பெருகும், உலகம் நிலை குலையாது என்பது நம்பிக்கை. ஆகவே அவன் சாவு அவன் ஒருவனுடைய விஷயமாக இருக்கவில்லை.

படைத்த ரொட்டியை அரசனின் ஆவி வாசனை பிடித்தது. உண்டவர்கள் பூசாரிகளும் கோயில் ஊழியர்களும். இதற்கென்றே கிராமங்களை எழுதி வைத்தார்கள். அரசன் இறந்து தலைமுறைகள் போன பிறகும் அந்தக் கிராமத்தின் தானியம் வந்துகொண்டிருந்தது. மென்கௌரேயின் பள்ளத்தாக்குக் கோயிலை 1908-க்குப் பிறகு ரைஸ்னர் தோண்டியபோது அந்தப் புனிதமான முற்றத்துக்குள்ளேயே மண் வீடுகளும் தானியக் குதிர்களுமாக ஒரு சிற்றூர் இருந்தது தெரிந்தது. செத்தவனுக்கு வந்த சோற்றில் உயிரோடிருப்பவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். இதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எனக்கு அந்த முற்றத்தில் குழந்தைகள் ஓடி விளையாடியிருக்கும் என்று நினைக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பக்தியுள்ள குடியானவனுக்கும் முதுகு வலிக்கும் அல்லவா? அவன் மனத்துக்குள் என்ன நினைத்தான் என்று அறிய எகிப்தியர்களுடைய கதைகளைத்தான் பார்க்க வேண்டும். வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்று ஒன்று. கூபுவுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதில் கூபுவின் தந்தை ஸ்நெபெரு வருகிறான். பொழுது போகாமல் ஏரியில் பெண்களைப் படகு தள்ளச் சொல்லி உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தியின் மீன் பதக்கம் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. வேறு பதக்கம் தருகிறேன் என்கிறான் அரசன். அவள் தன் பதக்கமேதான் வேண்டும் என்கிறாள். அரசன் மந்திரவாதியைக் கூப்பிட்டு அதை எடுத்துத் தரச் செய்கிறான். அடுத்து கூபு வருகிறான். வெட்டிய தலையை ஒட்ட வைக்கும் வித்தைக்காரன் ஒருவன் இருப்பதாகக் கேட்டு, 'சிறையிலிருந்து ஒரு கைதியைக் கொண்டுவா, பார்க்கலாம்' என்கிறான். மனிதனிடம் அதைச் செய்யலாகாது என்று வித்தைக்காரன்தான் மறுத்து ஒரு வாத்தை வைத்துச் செய்து காட்டுகிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஸ்நெபெரு கூபுவைவிட அதிகமாகக் கல் சுமக்க வைத்தவன்! மைதூமில் ஒன்று, தாஷூரில் இரண்டு என்று மூன்று பெரிய பிரமிடுகள் அவன் பெயரில் சொல்லப்படுகின்றன. தாஷூரின் முதல் பிரமிடு பாதியில் ஆட்டம் கண்டு, சரிவைக் குறைத்து வளைத்து முடித்தார்கள். பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. மொத்தக் கல்லைக் கூட்டினால் மகனுடையதைவிட அதிகம். ஆனாலும் தந்தை நல்லவன் என்றும் மகன் கொடியவன் என்றும் ஜனங்கள் சொல்லி வந்தார்கள். கல்லின் கனத்தை வைத்து அவர்கள் அரசனை எடை போடவில்லை என்று தெரிகிறது.

கட்டாய ஊழியத்தைப் பற்றியோ சந்தேகத்துக்கு இடமில்லை. கூபுவுக்குச் சுமார் 250 வருஷத்துக்குப் பின் முதலாம் பெபி என்ற அரசன் ஒரு சாசனம் பொறித்தான். ஸ்நெபெருவின் பிரமிடு ஊர்களைச் சேர்ந்தவர்களை ஊழிய வேலைக்குப் பிடித்துப் போகக் கூடாது என்று அதில் உத்தரவு. விலக்கு அளிக்கிறான் என்றால், விலக்குப் பெறாத மற்றவர்களைப் பிடித்துப் போனார்கள் என்றுதானே அர்த்தம்? சக்காராவில் மெரெருகா என்ற பிரபுவின் கல்லறைச் சுவரில், கணக்கு எழுதுகிறவர்களின் முன்னால் ஊர்த் தலைவர்களைப் பிடித்து வந்து அடிக்கிற காட்சி வெகு தெளிவாகச் செதுக்கியிருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே கம்பும் இருந்தது.

ஆனால் எனக்கு இவையெல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியம் ஒரு பொம்மை. பிரமிடுகளின் காலம் ஓய்ந்து வந்த நாட்களில் எகிப்தியர்கள் பிணத்தோடு சிறு மனித உருவங்களை வைக்கத் தொடங்கினார்கள். 'ஷப்தி' என்று பெயர். மரத்திலோ கல்லிலோ நீல மெருகிட்ட மண்ணிலோ செய்தது. கையில் மண்வெட்டி, தோளில் பை. அதன் உடம்பில் ஒரு மந்திரம் எழுதுவார்கள். அதன் சாரம் இதுதான்: மேலுலகத்தில் இந்த மனிதனை வயல் வேலைக்கோ, வாய்க்கால் பாய்ச்சவோ, மணலைக் கரைக்குக் கரை சுமக்கவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவனுக்குப் பதிலாக நீ எழுந்து 'இதோ இருக்கிறேன்' என்று சொல்.

செத்த பிறகும் ஆள் கணக்கு எடுப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதிலிருந்து தப்ப ஒரு மாற்றாள் வேண்டும்! ஏழை ஒரு பொம்மையோடு போனான். அரசர்களே இந்தப் பயத்துக்கு விலக்கல்ல. துதன்காமனுடைய கல்லறையில் 413 ஷப்திகள் இருந்தன. வருஷத்தில் நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள். எகிப்தியருக்கு வாரம் என்றால் பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒருவராக 36 மேஸ்திரிகள். மாதத்துக்கு ஒருவராக 12 மேலதிகாரிகள். இன்னும் சில நூற்றாண்டுகள் கழித்துச் செய்த பெட்டிகளைத் திறந்தால் மேஸ்திரிப் பொம்மையைக் கண்டுபிடிப்பது வெகு சுலபம். மற்றவர்கள் கையில் மண்வெட்டி இருக்கும். அவன் கையில் சவுக்கு இருக்கும்.